அறுபது வருஷம் காத்திருந்த தீர்மானம்

கேள்வி: பெண்ணுக்குச் சொத்துரிமை என்ற பேச்சு காஞ்சிபுரம் வட்டாரத்தில் அந்தக் காலத்திலேயே எழுந்ததா?

பதில்: எழுந்தது. 1929 பிப்ரவரியில், பக்கத்துச் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சொத்தில் ஆணுக்குச் சமமான உரிமை பெண்ணுக்கும் வேண்டும் என்று தீர்மானமே போட்டது. துணிச்சலான தீர்மானம்! காஞ்சித் தறிவீட்டில் விடியும் முன்பே ராட்டை முன் உட்கார்ந்து, விரலிடுக்கில் பட்டிழை ஓட, தார் சுற்றுவாள் மகள். அப்பாவின் தறியோ அண்ணன் தம்பிக்குத்தான்.

காஞ்சிக்காரரான அண்ணா, முதல்வரானதும் 1967-ல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வாங்கித் தந்தார்.

ஆனால் பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு கிடைக்க 1989 ஆகிவிட்டது. அப்போதும், அதற்கு முன்பே கல்யாணமானவர்களைத் தமிழ்நாட்டுச் சட்டம் விட்டுவிட்டது. அது பெரிய அநியாயம். 2005-ல் நாடாளுமன்றம் கொண்டுவந்த திருத்தம்தான் அவர்களையும் சேர்த்துக்கொண்டது.