விண்டோஸ் 10 கணினியை என்ன செய்வது?

ஏற்காட்டில் நம் குடும்பங்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தன. கணினி தொடர்ந்து ஓடும். ஆனால் புதிதாகத் தெரியவரும் ஓட்டைகள் அடைபடா. வங்கிக் கணக்கும் பிள்ளைகளின் உதவித்தொகை விண்ணப்பமும் அதில்தான் என்றால் அப்படியே விடக் கூடாது.

அதற்காகக் கடன்பட்டுப் புதுக் கணினி வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0, அது ஏற்கும் பிராசஸர் ஆகியவை தேவை. செட்டிங்ஸில் ‘விண்டோஸ் அப்டேட்’ பகுதியில் பாருங்கள். தகுதி இருந்தால், முறையான விண்டோஸ் 10 உள்ளவர்களுக்கு மாற்றம் இலவசம்.

தகுதி இல்லையென்றால் லினக்ஸ் போடலாம், அதுவும் இலவசமே. தமிழக அரசு மாணவர்களுக்குத் தந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. ஆனால் டேலி போன்ற விண்டோஸ் மென்பொருள்கள் லினக்ஸில் நேரடியாக ஓடா. கடைக் கணக்கு எழுதுவோர் இதை யோசித்து முடிவெடுங்கள்.

எதைச் செய்தாலும் முதலில் சான்றிதழ்களையும் படங்களையும் பென்டிரைவில் நகலெடுங்கள். மழைநாளில், மின்சாரம் போய்வரும் நேரத்தில் தொடங்காதீர்கள். பாதியில் நின்றால் 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலத்துக்குத் தூக்கிச் செல்ல நேரலாம்.

பொறுமையாகச் செய்தால், இன்ஷா அல்லாஹ், வீண்செலவைத் தவிர்க்கலாம்.