மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பணி

கவரைப்பேட்டையை அடுத்த புதுவாயல், சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர். சுற்றிலும் தொழிற்சாலைகள் எழுந்துள்ள வட்டாரம் அது. நிலத்தின் மதிப்பு உயரும் இடத்தில் ஒரு சாண் வரப்பும் வழக்குக்குக் காரணமாகிவிடுகிறது.

இங்கு ஒரு விவசாயி வரப்புத் தாவாவில் முன்சீப் கோர்ட்டுக்குச் செல்கிறார் என வைத்துக்கொள்வோம். கிரயப் பத்திரம் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. "இங்கே தோற்றாலும் மேல் கோர்ட்டில் காட்டிக்கொள்ளலாம்" என்று அவர் எண்ணுகிறார். இவ்வெண்ணம் சரியானதா?

சரியன்று. மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தொடக்கத்திலிருந்து மறுபடி நடத்துவதில்லை. கீழ்க் கோர்ட்டில் பதிவான சாட்சியங்களையும் தாக்கலான பத்திரங்களையும் கொண்டு, தீர்ப்பு முறையானதா என்று ஆராய்வதே அதன் பணியாகும். முயன்றும் முன்னர் கிடைக்காத ஆதாரம் போன்ற சில நிலைகளில்தான் புதிய சான்றை அது ஏற்கும். பெட்டியில் கிடந்த பத்திரம் அவ்வகையைச் சேர்ந்ததன்று.

அவ்வாறாயின் மேல்முறையீட்டினால் பயன் என்ன? நீதிபதியும் மனிதரே, தவறு நேரலாம். அதைத் திருத்த வழி வேண்டும். நாடறிந்த ஒரு குற்ற வழக்கைக் காண்போம். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1945-இல் ஆயுள் தண்டனை பெற்றனர். சென்னை உயர்நீதிமன்றத்தில் அப்பீல் தோற்றது. லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில், அப்பீலை மீண்டும் விசாரிக்குமாறு பணித்தது. பதிவான சாட்சியங்களை உயர்நீதிமன்றம் மறுபடி சீர்தூக்கிப் பார்த்து, 1947-இல் இருவரையும் விடுதலை செய்தது. பிரிவி கவுன்சிலுக்குச் செல்லும் முறை 1949-இல் ஒழிந்தது. 1950 முதல் உச்சநீதிமன்றம் நம் நாட்டின் இறுதி நீதிமன்றமாக விளங்குகிறது.

சிவில் வழக்கில் முன்சீப் கோர்ட்டுத் தீர்ப்பின்மீது சார்பு நீதிமன்றத்திலோ மாவட்ட நீதிமன்றத்திலோ முதல் அப்பீல் செய்யலாம். அங்கே நடந்த சங்கதிகளும் சட்டமும் ஆகிய இரண்டுமே ஆராயப்படும். உயர்நீதிமன்றத்தில் செய்யும் இரண்டாம் அப்பீலோ, முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால் மட்டுமே ஏற்கப்படும்.

கெடுவை மறத்தல் கூடாது. முதற்கூறிய நீதிமன்றங்களுக்கு 30 நாட்கள். உயர்நீதிமன்றத்துக்கு 90 நாட்கள். தீர்ப்பு நகல் பெறத் தேவைப்பட்ட காலம் இக்கணக்கில் சேராது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் கோர்ட்டு மன்னிக்கலாம். ஆயினும் அதை நம்பியிருத்தல் தகாது. அப்பீல் மனுக் கொடுத்த அளவிலேயே கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்பு நின்றுவிடாது; தடையுத்தரவு தனியே பெறவேண்டும்.

லோக் அதாலத்தில் சமாதானமாக முடிந்த வழக்குக்கு அப்பீல் இல்லை. ஆகவே அங்கே கையெழுத்திடுமுன் நிபந்தனைகளை முழுவதும் கேட்டறிதல் அவசியம்.

வக்கீல் வைக்க வசதியில்லாதோர் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்களும், தாழ்த்தப்பட்ட வகுப்பினரும், பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவச உதவிக்கு உரியவர்கள்.

ஆதலின், மேல் கோர்ட்டில் பெறும் வெற்றிக்கும் முதல் கோர்ட்டிலேயே அடித்தளம் இடவேண்டும் என்பதை நாம் மனத்திற் கொள்வோம். பத்திரங்களையும் சாட்சிகளையும் முதல் விசாரணையிலேயே முன்வைப்போம். தீர்ப்பு வந்த அன்றே நகலுக்கு மனுச் செய்வோம்.