எண்ணத் தெரிந்த கருவிகள்! – லேசர் ஸ்கேனரும் எலக்ட்ரானிக் வாட்சும்

 

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஏதாவது ஒரு பெரிய கடைக்குப் போனால், பில் போடும் இடத்தில் "பீப், பீப்" என்று சத்தம் கேட்கும். சோப்பைக் காட்டினால் போதும், விலை திரையில் வந்துவிடும். பில் போடுகிற அக்கா கையில் ஒரு வாட்சும் இருக்கும். அந்த ஸ்கேனருக்கும் இந்த வாட்சுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறீர்களா? ரெண்டும் செய்வது ஒரே வேலைதான். எண்ணுவது! எப்படி என்று பார்ப்போம்.

1. வாட்ச் எதை எண்ணுகிறது?

நம் தாத்தாக்கள் கட்டியது சாவி கொடுக்கிற வாட்ச். பெங்களூரில் 1961-இல் எச்.எம்.டி. நிறுவனம் வாட்ச் செய்யத் தொடங்கியது. அதில் சுருள்வில்லும் பல்சக்கரங்களும் இருக்கும். இன்று நாம் கட்டும் பேட்டரி வாட்சில் இருப்பது குவார்ட்ஸ் என்ற படிகம்.

குவார்ட்சை அழுத்தினால் மின்சாரம் உண்டாகும். 1880-இல் பியரி கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் இதைக் கண்டுபிடித்தார்கள். (நாம் படிக்கும் மேரி கியூரி அம்மையாரின் கணவர்தான் பியரி.) இதைத் திருப்பிப் போட்டாலும் நடக்கும். அதாவது குவார்ட்சுக்கு மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். வாட்சில் உள்ள படிகத்தை இசைக்கவை வடிவத்தில் வெட்டியிருப்பார்கள். அது ஒரு விநாடிக்குச் சரியாக 32,768 முறை அதிரும்.

அது என்ன 32,768? பாதி பாதியாக்கிப் பாருங்கள். 16,384... 8,192... 4,096... இப்படியே 15 தடவை பாதியாக்கினால் கடைசியில் 1 வரும்! அதாவது 2-இன் அடுக்கு 15. வாட்சுக்குள் இருக்கும் சிப் இந்த வேலையைத்தான் செய்கிறது. கடைசியில் மிஞ்சும் அந்த ஒரு துடிப்புதான் விநாடி முள்ளை ஓர் அடி தள்ளுகிறது. "அடுக்குகள் பாடம் எதுக்கு உதவும்?" என்று கேட்பவர்கள் தங்கள் மணிக்கட்டைப் பார்த்துக்கொள்ளவும்!

உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் 'ஆஸ்ட்ரான்'. ஜப்பானின் செய்க்கோ நிறுவனம் 1969 டிசம்பர் 25-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போது அதன் விலைக்கு ஒரு கார் வாங்கலாமாம்!

2. நம்ம ஓசூர்

இதெல்லாம் ஜப்பான்காரர்கள் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 1984-இல் டாடா குழுமமும் நம் தமிழக அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து டைட்டன் கம்பெனியைத் தொடங்கின. தொழிற்சாலை அமைந்த இடம் நம்ம ஓசூர்! சாவி கொடுக்கும் வாட்சை விட்டுவிட்டு, குவார்ட்சையே நம்பி இறங்கினார்கள். கிராமங்களில் பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து வேலை கற்றுக்கொடுத்தார்கள். 2002-இல் 'எட்ஜ்' என்ற வாட்சை வெளியிட்டார்கள். அதன் கனம் 3.5 மில்லிமீட்டர்தான். ஸ்கேலை எடுத்து 3.5 மில்லிமீட்டர் எவ்வளவு என்று பாருங்கள். அதற்குள் பேட்டரி, படிகம், முள் எல்லாம் அடக்கம்!

3. ஸ்கேனர் எதை எண்ணுகிறது?

நார்மன் ஜோசப் உட்லேண்ட் என்ற அமெரிக்கருக்கு மோர்ஸ் தந்திக் குறிகள் தெரியும். ஒருநாள் கடற்கரையில் உட்கார்ந்து மணலில் விரல்களை வைத்து இழுத்தார். மெல்லிய கோடு, தடித்த கோடு. புள்ளியும் கோடும் நீண்டால் இப்படித்தானே இருக்கும் என்று தோன்றியது. மணலில் எழுதிப் படித்தது நம் முன்னோர் மட்டும் இல்லை போல! அவரும் பெர்னார்ட் சில்வரும் 1952-இல் காப்புரிமை பெற்றார்கள். ஆனால் அதைப் படிக்க நல்ல வெளிச்சம் வேண்டுமே? 1960-இல் தியோடர் மெய்மன் முதல் லேசரை (சீரொளி) உருவாக்கினார். 1974 ஜூன் 26-இல் அமெரிக்காவின் ட்ராய் ஊர்க் கடையில் முதல்முதலாக ஸ்கேன் ஆன பொருள், ஒரு சூயிங்கம் பாக்கெட்!

சிவப்பு லேசர் ஒரு சிறு கண்ணாடியில் பட்டு, கோடுகள் மேல் வேகமாக ஓடும். வெள்ளை இடம் ஒளியைத் திருப்பி அனுப்பும். கறுப்பு விழுங்கிவிடும். தடித்த கோட்டைக் கடக்க அதிக நேரம், மெல்லிய கோட்டைக் கடக்கக் குறைந்த நேரம். ஆக, ஸ்கேனர் அகலத்தை அளக்கவில்லை, நேரத்தை அளக்கிறது! தொலைவு = வேகம் × நேரம், அவ்வளவுதான். நேரத்தை அளக்க உள்ளே ஒரு சிப் துடிப்புகளை எண்ணிக்கொண்டே இருக்கும். பல ஸ்கேனர்களில் அந்தத் துடிப்பைத் தருவது, வாட்சில் இருப்பது போன்ற ஒரு படிகம்தான்!

(டீக்கடையில் பணம் கட்ட போனைக் காட்டுகிறோமே, அந்தச் சதுரக் கட்டம் க்யூஆர் கோடு. ஜப்பானில் 1994-இல் வந்தது. அதைப் படிப்பது கேமரா, லேசர் இல்லை.)

செய்து பார்: வெள்ளைத் தாளில் சிவப்புப் பேனாவாலும் கறுப்புப் பேனாவாலும் கோடு போடு. சிவப்புக் கண்ணாடித் தாள் வழியே பார். சிவப்புக் கோடு மறைந்தாற்போல் இருக்கும். சிவப்பு லேசருக்கும் அப்படித்தான். அதனால்தான் பார்கோடைச் சிவப்பில் அச்சடிப்பதில்லை.

4. தப்பைக் கண்டுபிடிக்கும் எண்

கோட்டுக்குக் கீழே 13 எண்கள் இருக்கும். கடைசி எண் காவல்காரர் மாதிரி. உதாரணத்துக்கு 8901234567890 என்று வைத்துக்கொள்வோம்.

* 1, 3, 5 என ஒற்றைப்படை இடங்களில் (கடைசி எண் தவிர): 8+0+2+4+6+8 = 28
* இரட்டைப்படை இடங்களில்: 9+1+3+5+7+9 = 34. இதை 3-ஆல் பெருக்கினால் 102
* மொத்தம் 130. அடுத்த பத்துக்குப் போக வேண்டியது 0. கடைசி எண்ணும் 0. சரி!

ஸ்கேனர் 4-ஐ 5 என்று தப்பாகப் படித்தால் 131 வரும். உடனே "ஒத்துக்க மாட்டேன்" என்று சொல்லிவிடும். பீப் சத்தம் வராது.

890 என்று தொடங்கினால் இந்தியாவில் பதிவான எண் என்று பொருள். இந்தியாவில்தான் செய்தது என்று பொருள் இல்லை!

5. முக்கியமான விஷயம்

இத்தனை எண்ணியும் ஸ்கேனருக்கு விலை தெரியாது! கோட்டில் இருப்பது பொருளின் எண் மட்டுமே. விலை கடைக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதை ஏற்றுவது மனிதர்கள். அங்கே தவறாக ஏற்றியிருந்தால் ஸ்கேனர் அந்தத் தவறைத்தான் காட்டும். "மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று வந்துவிடக் கூடாது. பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் வாங்குவது சட்டப்படி குற்றம். வீட்டில் கடைக்கு அனுப்புவது பெரும்பாலும் நம்மளைத்தானே! பில்லையும் பாக்கெட்டையும் ஒத்துப் பாருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இன்னொன்று: திருவிழாக் கடைகளில் விற்கும் லேசர் லைட்டை யார் கண்ணிலும் அடிக்காதீர்கள். விழித்திரை பாதிக்கப்படலாம்.

சிந்தனைக்கு இரண்டு கேள்விகள்

அ) ஆஸ்ட்ரான் வாட்சின் படிகம் விநாடிக்கு 8,192 முறை அதிர்ந்தது. எத்தனை தடவை பாதியாக்கினால் 1 வரும்?
ஆ) உங்கள் வீட்டு பிஸ்கட் பாக்கெட்டின் கடைசி எண் சரியா? கணக்குப் போட்டுக் காட்டுக.

விடைகளை எழுதி, கணக்கு ஆசிரியரிடம் காட்டுங்கள். கருவி எண்ணட்டும், நாமும் எண்ணுவோம்!

– 9-ஆம் வகுப்பு மாணவி