ஃபோர்டு போனாலும் எக்கோஸ்போர்ட் ஓடுமா?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஃபோர்டு எக்கோஸ்போர்ட் டீசல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கம்பெனியே இந்தியாவை விட்டுப் போய்விட்டதே, வாங்கலாமா?
- வாசகர், அபிராமம்

பதில்: ஃபோர்டு முதலில் 1926-லேயே இந்தியாவுக்கு வந்து, ஐம்பதுகளில் கிளம்பிவிட்டது. 1995-ல் மஹிந்திராவோடு கூட்டு சேர்ந்து திரும்பியது. 1999-ல் மறைமலை நகரில் பிறந்த ஐகான் கார்தான் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. 2013-ல் வந்த எக்கோஸ்போர்ட், பிற்பாடு இங்கிருந்து அமெரிக்காவுக்கே கப்பலேறியது. நஷ்டம் தாங்காமல் 2021 செப்டம்பரில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தார்கள். மறைமலை நகர் ஆலை 2022-ல் மூடப்பட்டது. அங்கே இனி எஞ்சின் தயாரிக்கப்போவதாக 2025-ல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். கார் விற்பனை பற்றிப் பேச்சில்லை.

எக்கோஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அதை மனசார விற்க மாட்டார்கள். கதவைச் சாத்தினால் கனமான சத்தம், வேகத்திலும் ஆட்டம் காணாத ஸ்டியரிங். 200 மி.மீ. தரை இடைவெளி இருப்பதால் கமுதி, பரமக்குடிப் பக்கத்துக் குண்டுகுழிச் சாலைக்கும் அசராது. குறையும் உண்டு. பின்சீட் கொஞ்சம் நெருக்கடி. ஸ்டெப்னியைச் சுமந்த பின்கதவு பக்கவாட்டில் திறப்பதால், சுவரை ஒட்டி நிறுத்தினால் மூட்டை ஏற்ற முடியாது.

சர்வீஸும் உதிரிபாகமும் இன்னும் கிடைக்கின்றன. ஆனால் சர்வீஸ் சென்டர்கள் குறைந்துவிட்டன. ஆகவே, சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டி, டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று பாருங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, புகையைக் கவனியுங்கள். ஃபோர்டு தெரிந்த மெக்கானிக் கைவசம் இருந்தால், விலையை நன்றாகக் குறைத்துப் பேசி வாங்குங்கள். இல்லையென்றால் வேண்டாம்.