டி.ஜி.பி.எஸ். ரிப்போர்ட்டை வைத்து பக்கத்து நில வேலியை அகற்றலாமா?

கேள்வி: மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஈ.சி.ஆர். ஓரமாக என் தந்தை 1994-ல் 62 சென்ட் சவுக்குத் தோப்பு கிரயம் வாங்கினார். அவர் காலமான பின் பட்டா என் பெயருக்கு மாறிவிட்டது. தென்பக்கத்து நிலக்காரர் 2015 ஜூனில் கம்பி வேலி போட்டார். 2018-ல் விடுமுறைக்கு வந்தபோதே இடம் குறைந்திருப்பது தெரிந்தது. கேட்டதற்கு, "பேசிக்கலாம்" என்றார். இப்போது தனியார் சர்வேயரை வைத்து டி.ஜி.பி.எஸ்., ட்ரோன் இரண்டிலும் அளந்ததில் 53.25 சென்ட்தான் இருக்கிறது. சாட்டிலைட் அளவு தப்பாது என்கிறார்கள். இந்த ரிப்போர்ட்டை வைத்து வேலியை அகற்றலாமா? கோர்ட்டில் இது போதுமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மஸ்கட்)

பதில்: வேலியில் கை வைக்காதீர்கள். நிலம் உங்களுடையதே என்றாலும், அனுபவத்தில் இருப்பவரைச் சட்டப்படி அல்லாமல் வெளியேற்றினால், குறித்த பரிகாரச் சட்டம் 6-வது பிரிவின்படி அவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு அனுபவத்தைத் திரும்பப் பெறலாம். அந்த வழக்கில் உங்கள் பத்திரத்தை நீதிமன்றம் பார்க்காது. போலீஸ் புகார் தனியாக வரும்.

ரிப்போர்ட்டுக்கு வருவோம். அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இன்றைக்கு உங்கள் நான்கு வேலிக்குள் 53.25 சென்ட் இருக்கிறது. மீதி 8.75 சென்ட் யாரிடம் இருக்கிறது என்று அதில் ஒரு வரிகூட இல்லை. தென்பக்கத்தார் எடுத்திருக்கலாம், வடபக்கத்தாரும் எடுத்திருக்கலாம். மாமல்லபுரம் - புதுச்சேரி சாலை விரிவாக்கத்தில் முன்பக்கம் கொஞ்சம் போயிருக்கலாம். 1994-ல் விற்றவரே இல்லாத அளவைப் பத்திரத்தில் எழுதியிருக்கவும் வாய்ப்புண்டு. பத்திரத்தில் விஸ்தீரணமும் நான்கெல்லையும் முரண்பட்டால், பொதுவாக நான்கெல்லைக்கே நீதிமன்றம் மதிப்புத் தரும். ஆகவே "62 எழுதியிருக்கிறது, 53.25 இருக்கிறது" என்ற கழித்தல் கணக்கு உங்களுக்கு வழக்கு ஆகாது.

வழக்கைத் தீர்மானிக்கப் போவது, அளவு எங்கிருந்து தொடங்கியது என்ற கேள்விதான். 1802 ஏப்ரலில் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் சங்கிலி பிடித்து முதலில் ஓர் அடிக்கோட்டை அளந்துகொண்ட பிறகே மற்ற அளவைகளைத் தொடங்கினார். கருவி மாறியிருக்கிறது, அந்த விதி மாறவில்லை. நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தொடக்கப் புள்ளியாக "மின்கம்பம், ரோட்டோரம்" என்று போட்டிருக்கிறது. மின்கம்பம் எந்த எஃப்.எம்.பி. புலப்படத்திலும் எல்லைக்கல் அல்ல. அரசின் புலப்படத்தில் காட்டிய கற்களைத் தேடிப் பிடித்து, அவற்றிலிருந்து படத்தில் உள்ள ஜி-லைன் (மூலைவிட்டக் கோடு) அளவுகளை இறக்கி, உங்கள் தென் எல்லை தரையில் எங்கே விழுகிறது என்று காட்டியிருக்க வேண்டும். புலத்தில் கல் இல்லையென்றால் அடுத்த புலத்துக் கல், அதுவும் இல்லையென்றால் மூன்று கிராம எல்லை கூடும் இடத்துக் கல் வரை போக வேண்டும். அந்த வேலையை யாரும் செய்யவில்லை.

அதே ரிப்போர்ட்டின் ஆயத்தொலைவு அட்டவணையில் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். வட மூலைகளுக்கு நேரே "ஃபிக்ஸ்" என்றும், தென் மூலைகள் இரண்டுக்கும் "ஃப்ளோட்" என்றும் இருக்கிறது. ஃபிக்ஸ் என்றால் சில சென்டிமீட்டருக்குள் பிசகும். ஃப்ளோட் என்றால் அந்தத் துல்லியம் கிட்டவில்லை, பிசகு ஒரு மீட்டரைக்கூடத் தொடலாம். சவுக்கு மர நிழலில் சாட்டிலைட் சிக்னல் உடைந்து வரும், அதனால் இப்படி ஆகும். அங்கே டோட்டல் ஸ்டேஷன் கருவி வைத்து அளந்திருக்க வேண்டும். உங்கள் தென் எல்லை 60 மீட்டர். ஒரு மீட்டர் தள்ளிப்போனால் ஒன்றரை சென்ட் கணக்கு மாறும். தகராறே அந்த எல்லையில்தான், ரிப்போர்ட் பலவீனமாக இருப்பதும் அங்கேதான். குறுக்கு விசாரணையில் இதை முதலில் பிடித்துக்கொள்வார்கள்.

ட்ரோன் படமும் அப்படித்தான். கல்பாக்கம் அணுமின் நிலையம் உள்ள கடற்கரை அது. 2021 ட்ரோன் விதிகளின்படி சிவப்பு மண்டலத்தில் பறக்க மத்திய அரசின் அனுமதி வேண்டும். உங்கள் புலம் எந்த மண்டலத்தில் வருகிறது, அனுமதி வாங்கினார்களா என்று சர்வேயரிடம் எழுத்தில் கேளுங்கள். தனியார் நில அளவையே செல்லாது என்று நான் சொல்லவில்லை. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளுக்குப் பின் வரைபடம் தயாரிக்க முன் அனுமதி பெரும்பாலும் தேவையில்லை. ஆனால் தயாரிக்கலாம் என்பதாலேயே அது சாட்சியம் ஆகிவிடாது. மின்னணுப் பதிவாகத் தாக்கல் செய்ய பாரதிய சாக்ஷிய அதினியம் 63-வது பிரிவின் சான்றிதழ் வேண்டும். அளந்தவர் கூண்டேறிச் சாட்சி சொல்லவும் வேண்டும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது அதுதான். வேலி 2015 ஜூனில் வந்தது, 2018-ல் உங்களுக்கே தெரிந்துவிட்டது. அதன் பிறகு ஒரு வக்கீல் நோட்டீஸ் இல்லை, வட்டாட்சியருக்கு ஒரு மனு இல்லை, 'பேசிக்கலாம்' என்ற வாய்ச்சொல்லை நம்பி உட்கார்ந்திருக்கிறீர்கள். கெடு என்பது வாய்ச்சொல்லுக்கு நிற்காது. காலவரையறைச் சட்டம் 65-வது இனத்தின்படி, எதிரிடை அனுபவம் தொடங்கிய நாளிலிருந்து 12 ஆண்டுகளுக்குள் சுவாதீனம் கேட்டு வழக்குப் போட வேண்டும். நீங்கள் சொல்லும் தேதி சரியென்றால் 2027 ஜூன். அது கடந்தால் 27-வது பிரிவு உங்கள் உரிமையையே அழித்துவிடும். எதிரிடை அனுபவத்தை நிரூபிக்கும் பாரம் வேலி போட்டவருடையது என்பது உண்மை. அதற்காக அந்தச் சந்தர்ப்பத்தை நீங்களே ஏன் கொடுக்க வேண்டும்? பழைய சாட்டிலைட் படங்களைக் கூகுள் எர்த்தில் ஆண்டு வாரியாகப் பாருங்கள். கம்பி தெரியாது, ஆனால் மரம் வெட்டி வெளியாக்கிய பட்டை தெரியும். அது 2015-க்கு முன்பே தெரிந்தால், கெடுவும் முன்னால் வந்துவிடும். அந்தப் படத்தை எதிர்த்தரப்பும் எடுக்க முடியும்.

வண்ணத்தில் 8 பக்க ரிப்போர்ட் அனுப்பியிருக்கிறீர்கள். கிரயப் பத்திரத்தில் ஒரு பக்கம்கூட இல்லை. மூலப்பத்திரம் எங்கே? பட்டா உரிமைக்கு ஆதாரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் எத்தனையோ முறை சொல்லிவிட்டன. தாயாரும் உடன்பிறந்தவர்களும் இருந்தால் அவர்களும் வாரிசுகள். பட்டா மட்டும் உங்கள் பெயருக்கு எப்படி வந்தது? வாரிசுகளைச் சேர்க்காமல் வழக்குப் போட்டால் எதிர்த்தரப்புக்கு முதல் ஆட்சேபணையை நீங்களே எழுதிக் கொடுத்ததாகும். பத்திரத்தில் இருப்பது பழைய சர்வே எண்ணாகவும் இருக்கலாம். 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். எனும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல இடங்களில் எண்கள் மாறின. பழைய எண், புதிய எண் ஒப்பீடு இல்லாமல் புலப்படத்தைத் திறந்து பயனில்லை.

பத்திரத்தின் சான்றிட்ட நகல், வில்லங்கச் சான்று, அ-பதிவேடு, எஃப்.எம்.பி. நான்கையும் இந்த மாதமே வாங்குங்கள். திருக்கழுக்குன்றம் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எஃப்-லைன் (புல எல்லை) அளவீடு கேட்டு இ-சேவை மூலம் மனுச் செய்யுங்கள். அரசு நில அளவர், பக்கத்து நிலக்காரருக்கு அறிவிப்புக் கொடுத்து அளக்க வேண்டும். அந்த அளவைப் பக்கத்து நிலக்காரர் ஒத்துக்கொள்ளாவிட்டால் உரிமை விளம்புகை, சுவாதீனம், வேலியை அகற்றக் கட்டளை மூன்றும் கேட்டு வழக்கு. வெறும் நிரந்தரத் தடையுத்தரவு மட்டும் கேட்காதீர்கள். அந்த வழக்கில் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 26-வது கட்டளை 9-வது விதியில் அட்வகேட் கமிஷனர் கேட்டு, அரசு நில அளவரோடு டி.ஜி.பி.எஸ். கருவியையும் கொண்டுவரச் சொல்லலாம். எல்லைக்கல்லில் இருந்து தொடங்கும்போது அந்தக் கருவிக்கு நிகரில்லை.

இடம் மீண்டால் கட்டடம் எழுப்ப எண்ணமிருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தையும், தொல்லியல் துறைச் சின்னத்திலிருந்து 300 மீட்டருக்குள் வருகிறதா என்பதையும் முதலில் பாருங்கள்.

இவ்வளவும் நீங்கள் எழுதியதையும் அனுப்பிய ரிப்போர்ட்டையும் மட்டும் வைத்துச் சொன்னது. பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் எந்த வக்கீலும் உறுதி சொல்ல முடியாது. செங்கல்பட்டில் உரிமையியல் வழக்கு நடத்தும் ஒருவரை எல்லாக் காகிதங்களோடும் நேரில் பாருங்கள். உடனே வர முடியாவிட்டால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று நம்பகமான ஒருவருக்குப் பவர் அனுப்பலாம். அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். வழக்கை அவர் தாக்கல் செய்யலாம். ஆனால் 2018-ல் நீங்கள் பார்த்ததையும் கேட்டதையும் அவர் சாட்சியாகச் சொல்ல முடியாது, அதற்கு நீங்களே கூண்டேற வேண்டும். அடுத்த விடுமுறையை வக்கீலிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.