தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம்

1998ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. 50 கிலோமீட்டர் நடைப்போட்டியில் நம் நாட்டு வீரர் ஜி. சரவணன் தங்கப் பதக்கம் வென்றார். காமன்வெல்த் தடகளத்தில் மலேசியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. நம் ஊர் வெக்கையில் அவர் நடந்த நேரம் 4 மணி 10 நிமிடம்.

அவ்வளவு நேரம் ஒரு மனிதர் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்? பயிற்சியும் மனஉறுதியும் வேண்டும்தான். ஆனால் நெடுந்தூரப் போட்டிகளில் இன்னொன்றும் உண்டு. பாதை ஓரத்தில் குறிப்பிட்ட தூரத்திற்கு ஒரு மேசை போட்டிருப்பார்கள். அதில் தண்ணீரும் பானமும் இருக்கும். அனுபவமுள்ள வீரர்கள் தாகம் எடுத்திருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருப்பதில்லை. எந்த மேசையில் எவ்வளவு குடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருப்பார்கள்.

இந்தச் சிற்றேடு அந்த மேசையைப் பற்றியது. அறுபது வயதைத் தாண்டிய உங்களுக்கும் அது தேவைப்படுகிறது.

மேசையை விட்டு ஓடியவர்

டிரையத்லான் என்பது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவெளியின்றி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் போட்டி. அதில் மிக நீளமான வகைகளில் ஒன்று ‘அயர்ன்மேன்’. நம் லங்காவித் தீவிலும் 2000ஆம் ஆண்டு இப்போட்டி நடந்திருக்கிறது. கடலில் 3.8 கிலோமீட்டர் நீந்த வேண்டும். பிறகு 180 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்ட வேண்டும். கோலாலம்பூரிலிருந்து கிட்டத்தட்ட ஈப்போவை நெருங்கிவிடலாம். கடைசியாக 42.2 கிலோமீட்டர் ஓட்டம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ஓடிப் போய், திரும்பும் வழியில் ஷா ஆலாம் வந்து சேர்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போட்டியின் உலக வெற்றியாளர் யார் என்பதை முடிவு செய்யும் பந்தயம் பல ஆண்டுகளாக ஹவாய் தீவில் நடந்து வந்தது. எரிமலைக் கற்கள் நிறைந்த, நிழலே இல்லாத சாலை. பவுலா நியூபி ஃபிரேசர் என்ற வீராங்கனை 1995ஆம் ஆண்டுக்குள் அங்கே ஏழு முறை வென்றிருந்தார். அந்த வழியும் அந்த வெயிலும் அவருக்குப் பழக்கமானவை. அவ்வாண்டும் சைக்கிளை விட்டு இறங்கும்போது, அமெரிக்காவின் கேரன் ஸ்மையர்ஸைவிடப் பத்து நிமிடங்களுக்கு மேல் முன்னால் இருந்தார்.

ஓட்டத்தில் ஸ்மையர்ஸ் நெருங்கி வந்தார். அவர் தன்னை எட்டிப் பிடித்துவிடக் கூடாதே என்ற எண்ணத்தில், பவுலா தண்ணீர் மேசைகளில் நிற்காமல் ஓடினார். ஒரு மேசையில் சில விநாடிகள் மிச்சமாகும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் அது அவருக்கு நியாயமாகவே பட்டது. முடிவுக் கோட்டுக்குச் சில நூறு மீட்டர் இருக்கும்போது ஸ்மையர்ஸ் அவரைக் கடந்து போனார். பவுலாவின் கால்கள் தள்ளாடின. அப்படியே சாலையோரம் உட்கார்ந்தார், பிறகு படுத்துவிட்டார். காலணிகளைக் கழற்றினார். தண்ணீர் குடித்தார், உடம்பைக் குளிர வைத்தார். ஏறக்குறைய இருபது நிமிடம் கழித்து எழுந்து வெறுங்காலுடன் நடந்தே போய்ப் போட்டியை முடித்தார். அவருக்குக் கிடைத்தது நான்காம் இடம். அடுத்த ஆண்டு, 1996இல், அவர் மீண்டும் வந்து எட்டாவது முறையாக வென்றார்.

33 வயது, உலகின் மிகச் சிறந்த உடல்தகுதி, சுற்றிலும் உதவிக்கு ஆட்கள். அவருக்கே இப்படி ஆனது.

நீங்களும் மேசையைத் தவிர்க்கிறீர்கள்

“நான் எங்கே ஓடுகிறேன்?” என்று கேட்கலாம். பிரிக்பீல்ட்ஸில் காலை மார்க்கெட்டுக்குப் போய்ப் பைகளோடு திரும்புவதும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தீபாவளிக்குத் துணி எடுக்க அலைவதும் வெயிலில் இரண்டு மணி நேரத்தை விழுங்கிவிடும். தைப்பூசத்தைச் சொல்லவே வேண்டாம். துன் எச்.எஸ். லீ சாலை மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்குச் சுமார் 15 கிலோமீட்டர். அதற்கு மேல் 272 படிகள். விரதம் இருந்து, வெறுங்காலில், தூக்கம் இல்லாமல் ரதத்தோடு நடப்பது முதியவர்களுக்கு ஒரு நெடுந்தூரப் போட்டியேதான். வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல் இருக்கிறது. இருந்தும் பலர் குடிப்பதில்லை.

ஏன்? வெளியில் சொல்லக் கூச்சப்படும் காரணம் ஒன்று உண்டு. தண்ணீர் குடித்தால் சிறுநீர் வரும். நல்ல கழிப்பறை எங்கே இருக்கிறது? குறிப்பாக அம்மாமார்கள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பும்வரை வாய் நனைப்பதில்லை. முட்டி வலி இருப்பவர்கள் அடிக்கடி எழுந்து போக வேண்டுமே என்று வீட்டிலும் குறைத்துக்கொள்கிறார்கள். இவை சோம்பேறித்தனமோ அறியாமையோ அல்ல. பவுலாவின் கணக்கைப் போல, அந்த நேரத்தில் நியாயமாகத் தோன்றும் கணக்கு. ஆனால் உடல் அந்தக் கணக்கை ஏற்பதில்லை. ஆகவே தண்ணீரைக் குறைப்பதற்குப் பதிலாக வழியை மாற்றுங்கள். கிளம்பும் முன்பே கழிப்பறை உள்ள இடங்களைத் தெரிந்து வையுங்கள். சிறுநீரை அடக்க முடியாமல் போவது, இருமும்போது கசிவது போன்றவற்றுக்குச் சிகிச்சை உண்டு. டாக்டரிடம் சொல்லுங்கள். அவருக்கு இது புதிதல்ல.

வயதானால் தாகம் மந்தமாகிவிடுகிறது. உடம்பில் நீர் குறைந்த பிறகும் மூளை அதைத் தாமதமாகத்தான் உணர்கிறது. சிறுநீரகங்கள் நீரைச் சேமித்து வைக்கும் திறனும் குறைகிறது. வியர்த்து உடலைக் குளிர்விக்கும் திறனும் குறைகிறது. “எனக்குத் தாகமே இல்லை” என்று ஒரு முதியவர் சொன்னால், அவர் உடம்பில் போதிய நீர் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

எனவே வீட்டிலேயே உங்கள் மேசைகளை நீங்களே வையுங்கள். எழுந்ததும் ஒரு குவளை. காலை மாத்திரையோடு ஒன்று. பசியாறிய பின், மதியச் சாப்பாட்டோடு, மாலையில் விளக்கேற்றும் முன் என்று ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தோடு இணைத்துவிட்டால் மறக்காது. பொதுவாக ஒரு நாளைக்கு 6 முதல் 8 குவளை நீர் அருந்தும்படி பரிந்துரைக்கப்படுகிறது. இரவில் அடிக்கடி எழுவதைக் குறைக்க, பெரும்பகுதியைப் பகலிலேயே குடித்துவிட்டு, படுக்கும் முன் இரண்டு மணி நேரம் குறைத்துக்கொள்ளலாம்.

அளவுக்கு மீறினாலும் ஆபத்து

இதைப் படித்துவிட்டு ஒரே மூச்சில் இரண்டு போத்தல் தண்ணீர் குடிக்க வேண்டாம். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் நெடுந்தூர ஓட்டத்தில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் உப்பு குறைந்திருந்தது. ஓடும்போது அதிகமாகக் குடித்து எடை கூடியவர்களுக்கே இது கூடுதலாக ஏற்பட்டது. சோடியம் மிகவும் குறைந்தால் தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்புகூட வரலாம். முதியவர்களுக்கு, அதிலும் சில வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, இது எளிதில் வரக்கூடியது.

உங்கள் அளவு உங்கள் நோயைப் பொறுத்தது. இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரக நோயுள்ளவர்கள் மேலே சொன்ன 6 முதல் 8 குவளையைப் பின்பற்றக் கூடாது. டாக்டர் சொன்ன அளவுதான் உங்கள் அளவு. இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதானவர்கள் கேட்காமல் குடிக்க வேண்டாம். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு, பந்தலில் கிடைக்கும் சிராப் தண்ணீரும் விளையாட்டு வீரர்களுக்கான இனிப்புப் பானமும் சர்க்கரையை ஏற்றிவிடும். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் சிறுநீர் அதிகம் போய் உடம்பு இன்னும் வற்றும். அவர்களுக்கு வெறும் தண்ணீரே நல்லது. ஆனால் சர்க்கரை இறங்கி நடுக்கமும் வியர்வையும் வந்தால் மட்டும் இனிப்புப் பானம்தான் மருந்து.

சிறுநீர் அதிகம் போவதற்கான மாத்திரை சாப்பிடுபவர்கள் தினமும் காலையில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் உடம்பில் நீர் தேங்குகிறது. திடீரென்று குறைந்து தலைசுற்றினால் வற்றுகிறது. இரண்டையும் கிளினிக்கில் தெரிவிக்க வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ள நாளிலும் விரத நாளிலும் எந்த மாத்திரையைச் சாப்பிடலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நீர் போதவில்லை என்பதற்குச் சிறுநீர் நல்ல சாட்சி. வைக்கோல் நிறமாக இருந்தால் சரி. பால் கலக்காத கெட்டித் தேநீர் போல இருந்தால் போதவில்லை. வைட்டமின் மாத்திரை சாப்பிட்டாலும் மஞ்சளாகும் என்பதை மறக்க வேண்டாம். வாய் வறட்சி, எழுந்து நின்றால் தலைசுற்றல், காரணமில்லாத சோர்வு ஆகியவையும் அறிகுறிகள். முதியவர்களின் தோலைக் கிள்ளிப் பார்த்து முடிவு செய்வது நம்பகமான சோதனை அல்ல.

வானிலைத் துறை, வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 பாகை வரை இருந்தால் முதல் நிலை எச்சரிக்கை கொடுக்கும். அந்த நாட்களில் காலை 10 மணிக்குள் வெளி வேலைகளை முடித்துவிடுங்கள்.

வெயிலில் இருந்த ஒருவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ, உடம்பு அனலாகக் கொதித்தாலோ, உடனே 999ஐ அழையுங்கள். வியர்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது அவசரம். ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலுக்குக் கொண்டு போய், உடையைத் தளர்த்தி, உடம்பு முழுதும் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத் துணி வையுங்கள். நினைவு தெளியாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.

அடுத்த முறை சுகாதாரக் கிளினிக்குக்குப் போகும்போது உங்கள் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மருந்தாளுநரிடம் காட்டி, “நான் ஒரு நாளைக்கு எத்தனை குவளை குடிக்கலாம்?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணை இந்தச் சிற்றேட்டின் அட்டையில் எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.