நாவலுக்குச் சுருக்கம் கேட்கிறார்களா?

லண்டன், நியூயார்க் இலக்கிய ஏஜென்ட்டுகளுக்கு ஆங்கில நாவலை அனுப்புகிறவர்கள் பலரும் திணறுவது, கூடவே கேட்கப்படும் கதைச்சுருக்கத்தில்தான்.

1. முடிவைச் சொல்லிவிடுங்கள். கொலையாளி யார் என்பது உட்பட. ஆவலைத் தூண்டுவது பின்னட்டையின் வேலை; கதை கடைசிவரை தாங்குகிறதா என்று பார்க்கவே ஏஜென்ட் சுருக்கம் கேட்கிறார்.

2. நாவல் 'நான்' என்று பேசினாலும், சுருக்கத்தைப் படர்க்கையில், நிகழ்காலத்தில் எழுதுங்கள். அங்கே அதுதான் வழக்கம்.

3. நாலைந்து பேருக்கு மேல் பெயர் வேண்டாம். மற்றவர்கள் 'அண்ணன்', 'வீட்டுக்காரர்' என்றே வரட்டும்; பெயர்கள் கூடினால் படிப்பவர் குழம்பிப்போவார்.

4. சம்பவங்களை 'பிறகு', 'பிறகு' என்று அடுக்காதீர்கள். 'அதனால்', 'ஆனால்' என்று கோத்துப் பாருங்கள். ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பது தெரிந்தால்தான் கதை நகரும். எங்கே கோக்க முடியவில்லையோ, அங்கே பெரும்பாலும் நாவலிலேயே ஓட்டை இருக்கும். அனுப்புவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

5. கிளைக்கதைகளை விட்டுவிடுங்கள். மனம் வலிக்கும்தான், ஆனால் இடம் ஒரு பக்கமே.

6. சொல் அளவை ஒவ்வொரு ஏஜென்ட்டின் இணையதளத்திலும் பாருங்கள். ஒருவர் 300 கேட்பார், இன்னொருவர் 500.